ஒரு கிண்ணத் தேநீருக்கு நான்கு மணி நேரம்: ஜப்பானின் சாநோயு

‘சாநோயு’ என்ற சொல்லைப் பிரித்தால் மூன்று துண்டுகள் வரும். சா என்றால் தேநீர். நோ என்பது நம்முடைய ‘உடைய’ மாதிரி ஓர் ஒட்டு. யு என்றால் வெந்நீர். ஆக, தேநீருக்கான வெந்நீர். ஜப்பானியர்கள் வைத்த பெயர் அவ்வளவுதான். சடங்கு என்ற பேச்சே அதில் இல்லை. வெளிநாட்டவர்கள் பார்த்துவிட்டு ‘தேநீர்ச் சடங்கு’ என்றார்கள், நாமும் அதையே பிடித்துக்கொண்டோம். அதனால்தான் இதைக் கேள்விப்படுகிறவர்கள் ஏதோ பூஜை புனஸ்காரம் என்று நினைத்துக்கொண்டு, ‘ஒரு டீ குடிக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா?’ என்று கேட்கிறார்கள்.

சடங்கு என்ற சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, விருந்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிடுகிறோம். வாசல் தெளிக்கிறோம், சாப்பாடு போடுகிறோம், தேநீர் தருகிறோம், வழியனுப்புகிறோம். சாநோயுவின் சொற்கள் எல்லாம் இந்த வேலைகளுக்கும் அதற்கு வேண்டிய சாமான்களுக்கும் வைத்த பெயர்கள்தான். வாயில் நுழையாத பெயர்கள் என்பது மட்டும்தான் சிக்கல்.

சாடோ என்று இன்னொரு பெயரும் உண்டு. ஜூடோவில் வருகிற அதே ‘டோ’ இது. வழி, நெறி என்று பொருள். முதல் எழுத்தை ‘ச்சா’ என்று அழுத்துவதா, ‘ஸா’ என்று மென்மையாகச் சொல்வதா என்பதில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு இருக்கிறது. தமிழில் எழுதும் நமக்கு அந்தக் கவலை இல்லை, இரண்டுக்கும் ஒரே எழுத்து.

பொடி எங்கிருந்து வந்தது?

இந்த விருந்தில் தருவது மாட்சா. தேயிலையை வடிகட்டிக் குடிப்பதில்லை. இலையையே மாவாக அரைத்து, வெந்நீரில் அடித்து, மொத்தத்தையும் குடித்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் சீனாவிலிருந்து வந்தது. 815இல் எய்ச்சூ என்ற துறவி சாகா பேரரசருக்குத் தேநீர் கொடுத்தார் என்று அரசுக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் அப்போது அது வேரூன்றவில்லை.

வேரூன்ற வைத்தவர் எய்சாய் என்ற ஜென் துறவி. 1191இல் சீனாவிலிருந்து திரும்பியபோது தேயிலை விதைகளையும் கொண்டுவந்தார் என்பார்கள். அப்போது ஸுங் அரசர்களின் சீனாவில் பொடித் தேநீரை அடித்துக் குடிப்பதுதான் வழக்கம். இரவெல்லாம் தியானத்தில் உட்காரும் துறவிகளுக்குத் தூக்கத்தை விரட்ட அது உதவியது. எய்சாய் 1211இல் தேநீரை உடம்புக்கு நல்ல மருந்தாகப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். 1214இல், படைத் தலைவராக இருந்து நாட்டை ஆண்ட ஷோகன் சானெதோமோ முந்தின நாள் குடித்த சாராயத்தால் தலை கிறுகிறுத்துக் கிடந்தபோது, எய்சாய் ஒரு கிண்ணம் தேநீரையும் அந்த நூலையும் அனுப்பிவைத்தாராம். ஜப்பானிய ஆட்சியாளர்களுக்கும் தேநீருக்கும் இடையிலான நீண்ட உறவு இப்படி ஒரு ‘ஹேங்ஓவரில்’ தொடங்கியது எனக்குப் பிடித்த விஷயம்.

பின்னால் சீனா இலைத் தேநீருக்கு மாறிவிட்டது. ஜப்பான் பொடியை விடவில்லை. கியோட்டோவுக்குத் தெற்கே இருக்கும் ஊஜி அதற்குப் பேர்போன ஊரானது. அறுவடைக்குச் சில வாரங்களுக்கு முன்பே செடிகளுக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். அதனால் இலை கரும்பச்சையாகி, துவர்ப்பு குறைந்து, ஒரு தனி ருசி சேரும். நரம்பும் காம்பும் நீக்கி, கல் எந்திரத்தில் மெதுவாக அரைப்பார்கள். ஓர் எந்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் அளவுக்குத்தான் தேறும். வேகமாகச் சுற்றினால் கல் சூடாகி மணம் போய்விடும்.

14ஆம் நூற்றாண்டில் இதே தேநீர் சூதாட்டமாகவும் இருந்தது. ‘தோச்சா’ என்று அதற்குப் பெயர். கிண்ணங்களைச் சுற்றுக்கு விடுவார்கள். எது தொகானோ மலையில் விளைந்த ‘அசல்’ தேநீர், எது வேறு ஊர்ச் சரக்கு என்று குடித்தே சொல்ல வேண்டும். பட்டும் வாளும் பந்தயப் பொருள்கள். அப்புறம் சாராயம், கூத்து. இந்தக் கூட்டங்களில் நடந்த பந்தயத்தைக் கண்டித்து 1336இல் அரசு விதியே போட்டது. அமைதி, அடக்கம் என்று இன்று நாம் போற்றும் சாநோயுவின் தாத்தா இவர்தான்.

வணிகர்களின் ஏழைக் குடிசை

15ஆம் நூற்றாண்டில் ஆட்டம் அடங்கத் தொடங்கியது. ஷோகன் அஷிகாகா யோஷிமாசா கியோட்டோவின் கிழக்கு மலையடியில் கட்டிய மாளிகையில் நாலரைப் பாய் அளவுள்ள ஒரு சிற்றறை இன்றும் இருக்கிறது. 1486இல் கட்டியது. பாய் என்றால் தத்தாமி, கிட்டத்தட்ட ஆறடிக்கு மூன்றடி. ஜப்பானில் அறையைப் பாய்க் கணக்கில்தான் சொல்வார்கள். நாலரைப் பாய் என்பது பிற்காலத் தேநீர் அறைக்கு அளவுகோலே ஆனது.

அதே காலத்தவர் முராதா ஜுகோ (1423–1502). அதுவரை சீனாவிலிருந்து வந்த பளபளப்பான கலங்களுக்குத்தான் மதிப்பு. ஜுகோ அவற்றோடு பிஸென், ஷிகராகி போன்ற உள்ளூர்ச் சூளைகளின் சொரசொரப்பான மண்பாண்டங்களையும் சேர்த்து வைத்தார். அவர் வழியில் வந்தவர் தாகேனோ ஜோஓ (1502–1555), சகாய் துறைமுகத்தின் தோல் வணிகர் வீட்டுப் பிள்ளை. அவருடைய மாணவர் அதே ஊரின் இன்னொரு வணிகர் வீட்டுப் பிள்ளை. அவர்தான் சென் நோ ரிக்யூ (1522–1591). சாநோயு என்று இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அவர் கை பட்டது.

இங்கேதான் ‘வாபி’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். முதலில் அதற்கு நல்ல பொருளே கிடையாது. இல்லாமை, ஏக்கம், நொந்துபோன நிலை. தேநீர்க்காரர்கள் அந்த இல்லாமையையே ஒரு ருசியாக மாற்றினார்கள். ஓலைக் கூரை, பூசாத மண் சுவர், பட்டை உரிக்காத மரத் தூண், கோணலான கிண்ணம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இதையெல்லாம் ரசித்தவர்கள் சகாயின் பெரும் பணக்காரர்கள். உண்மையான ஏழைக்குத் தன் குடிசையின் மண் சுவரில் அழகைப் பார்க்க நேரம் ஏது? வாபியில் இந்த முரண் எப்போதும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ‘எளிமையின் தத்துவம்’ என்று எழுதினால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

ரிக்யூ அறையை இன்னும் சுருக்கினார். அவருடையது என்று சொல்லப்படும் தாய்ஆன், கியோட்டோவுக்கு வெளியே யாமாசாகியில் உள்ள மியோகிஆன் கோயிலில் இன்றும் நிற்கிறது. அழைத்தவரும் விருந்தினரும் சேர்ந்து உட்காரும் இடம் மொத்தம் இரண்டு பாய், அதாவது ஆறுக்கு ஆறு அடி. நம் ஊர் வீட்டில் ஸ்டோர் ரூமுக்குக்கூட இதைவிட இடம் விடுவார்கள். ஜப்பான் அதைத் தேசியச் செல்வமாக அறிவித்திருக்கிறது. உள்ளே நுழையும் வழிக்கு நிஜிரிகுச்சி என்று பெயர். தவழ்ந்து போகும் வாய் என்று பொருள். அகலம், உயரம் எல்லாம் இரண்டடி சொச்சம். இடுப்பில் நீண்ட வாளோடு அதில் நுழைய முடியாது, வெளியே மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நாட்டை ஆள்பவரும் மண்டியிட்டுத்தான் வர வேண்டும்.

கிண்ணங்களுக்கு ரிக்யூ பிடித்த ஆள், கூரை ஓடு செய்யும் கைவினைஞர் மரபில் வந்தவர் என்று சொல்லப்படும் ச்சோஜிரோ. சக்கரம் இல்லாமல் கையாலேயே பிடித்துச் சுட்ட கறுப்பு, சிவப்புக் கிண்ணங்கள். ‘ராகு’ என்று பெயர். கியோட்டோவில் அந்தக் குடும்பம் இன்றும் அதே வேலையைச் செய்கிறது.

தேநீர்க் குடுவைக்கு ஒரு மாநிலம்

ரிக்யூவின் காலம் போர்களின் காலம். நாட்டை ஒன்றாக்கப் போராடிய ஓடா நோபுநாகா, பெயர்பெற்ற தேநீர்க் கலங்களை வளைத்துப் பிடித்துத் திரட்டினார். தேநீர் விருந்து நடத்தும் உரிமையைத் தன் தளபதிகளில் சிலருக்கு மட்டும் விருதாகக் கொடுத்தார். 1582இல் ஒரு வெற்றிக்குப் பிறகு தாகிகாவா கசுமாசு என்ற தளபதிக்கு ஒரு மாநிலத்தையே பரிசளித்தார். அவரோ தான் ஆசைப்பட்டது ஒரு சிறிய தேநீர்க் குடுவை என்றும், அதற்குப் பதில் எங்கோ ஒரு நாட்டைக் கொடுத்துவிட்டார்களே என்றும் புலம்பினாராம். உள்ளங்கையில் அடங்கும் மண் குடுவை! நிலத்தை எவ்வளவுதான் வெட்டிக் கொடுக்க முடியும்? குடுவைக்கு விலை ஏற்றினால் செலவே இல்லாமல் பரிசு கிடைத்துவிடும். நோபுநாகா அதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்.

அவருக்குப் பின் வந்த டொயோட்டோமி ஹிடெயோஷி ரிக்யூவைத் தன் தேநீர் ஆசானாக வைத்துக்கொண்டார். ஹிடெயோஷி சாதாரணக் குடும்பத்திலிருந்து மேலே வந்தவர், பகட்டில் ஆசை. சுவர், தூண் எல்லாம் தங்கத் தகடு ஒட்டி, கழற்றி எடுத்துப் போகும்படி ஒரு தேநீர் அறை செய்து, 1586இல் பேரரசரின் அரண்மனைக்கே கொண்டுபோனார். 1587இல் கியோட்டோவின் கிட்டானோ கோயில் வளாகத்தில் பத்து நாள் விருந்து என்று அறிவித்தார். யார் வேண்டுமானாலும் வரலாம், ஒரு கெட்டிலும் ஒரு கிண்ணமும் இருந்தால் போதும், தேயிலை இல்லாதவர் வறுத்த அரிசி மாவைக் கரைத்துக் கொடுத்தாலும் சரி என்றது அறிவிப்பு. வராதவர்கள் இனிமேல் அந்த அரிசி மாவைக்கூடக் கரைக்கக் கூடாது என்ற மிரட்டலும் அதிலேயே இருந்தது. கடைசியில் விருந்து ஒரே நாளில் முடிந்துவிட்டது.

ஆசானுக்கும் ஆட்சியாளருக்கும் இடையே இருந்த இழுபறியைச் சொல்ல ஒரு கதை உண்டு. ரிக்யூவின் தோட்டத்தில் காலையில் பூக்கும் அசகாவோ கொடி பூத்துக் குலுங்குகிறது என்று கேள்விப்பட்டு ஹிடெயோஷி பார்க்க வருகிறார். தோட்டத்தில் ஒரு பூ இல்லை, எல்லாவற்றையும் வெட்டியாயிற்று. கோபத்தோடு அறைக்குள் தவழ்ந்து நுழைந்தால், மாடத்தில் ஒரே ஒரு பூ.

1591இல் ஹிடெயோஷி ரிக்யூவை வயிற்றைக் கிழித்துச் சாகும்படி உத்தரவிட்டார். டாய்தோகுஜி கோயிலின் வாயில் மாடத்தில் ரிக்யூவின் சிலையை வைத்தது ஒரு குற்றம். அந்த வாயிலின் கீழே போகிற ஹிடெயோஷி ரிக்யூவின் காலடியில் நடந்ததாக ஆகிவிடுகிறதாம். கலங்களுக்கு அதிக விலை வாங்கினார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. உண்மைக் காரணம் என்ன என்று ஜப்பானில் இன்னும் வாதாடுகிறார்கள்.

அடுத்த ஆண்டே ஹிடெயோஷி கொரியாமீது படையெடுத்தார். திரும்பிய படைகள் கொரியக் குயவர்களையும் பிடித்துக்கொண்டு வந்தன. தேநீர்க்காரர்கள் கொண்டாடும் ஹாகி கிண்ணங்கள் அப்படி வந்தவர்களின் சூளையில் பிறந்தவை. கிண்ணத்தைக் கையில் ஏந்தி அமைதியைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ரிக்யூவின் குடும்பம் பிறகு தலையெடுத்தது. பேரன் சென் சோட்டானின் மூன்று மகன்களிலிருந்து மூன்று பள்ளிகள் கிளைத்தன: முன்வீட்டு ஒமோதெசென்கே, பின்வீட்டு உராசென்கே, தெருப் பெயரால் அழைக்கப்படும் முஷாகோஜிசென்கே. பங்காளிகள்தான், ஆனாலும் சின்னச் சின்ன வேறுபாடுகளை விடமாட்டார்கள். உராசென்கேயில் தேநீரின் மேற்பரப்பு முழுக்க நுரை நிற்க வேண்டும். ஒமோதெசென்கேயில் கொஞ்சம் இடம் நுரையில்லாமல், பிறை மாதிரி தெரிய வேண்டும்.

விருந்து எப்படி நடக்கும்?

முழு விருந்துக்குப் பெயர் சாஜி. நாலு மணி நேரம் ஆகும். இனிப்பும் ஒரு கிண்ணம் தேநீரும் தந்து அனுப்பும் சுருக்கமான கூட்டம் சாகாய். சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது இந்தச் சுருக்கத்தையும் சுருக்கியது.

சாஜியில் விருந்தினர் நாலைந்து பேர். அழைப்பவர் தெய்ஷு. விருந்தினரில் தலையானவர் ஷோகியாகு. மற்றவர்கள் சார்பில் பேசுவதும் கேட்பதும் அவர் பொறுப்பு. முதல்முறை போகிறவர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது. கடைசி இடத்திலும் உட்காராதீர்கள், அவருக்கும் வேலை உண்டு. நடுவில் உட்கார்ந்து பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் செய்வதுதான் பாதுகாப்பு.

அறைக்குப் போகும் தோட்டம் ரோஜி; பனி படிந்த தரை. தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருப்பார்கள். குனிந்து கைகழுவ வேண்டிய கல்தொட்டி சுகுபாய். குந்துவது என்ற வினையிலிருந்து வந்த பெயர். உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொகொனோமா என்ற மாடம், அதில் தொங்கும் எழுத்துச் சுருள். அப்புறம் கரி அடுக்குவதைப் பார்ப்பது, கைசெகி என்ற எளிய சாப்பாடு, ஈரமான இனிப்பு. பிறகு இடைவேளை, எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விட்டு, மணியோசை கேட்டுத் திரும்பி வந்தால், சுருள் இருந்த இடத்தில் ஒரு பூ இருக்கும்.

இப்போதுதான் தேநீர். முதலில் கொய்ச்சா, கெட்டித் தேநீர். ஆளுக்கு 4 கிராம் பொடி, மிகக் குறைவான வெந்நீர். இதற்கு ‘பிசைவது’ என்பதுதான் வினைச்சொல். கூழ் பதத்தில் வரும். ஒரே கிண்ணத்தை எல்லோரும் வாங்கி வாங்கிக் குடிப்பார்கள். அப்புறம் உசுச்சா, மெல்லிய தேநீர். 2 கிராம் பொடிக்கு 70 மில்லி அளவு வெந்நீர், ஆளுக்கொரு கிண்ணம். இதை நுரைக்க அடிப்பார்கள். பொடியைச் சலித்துவைக்காவிட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். வீட்டில் சாதாரணக் கரண்டியை வைத்துக்கொண்டு ஒருமுறை முயன்று, பச்சைக் கட்டிகளை மென்று தின்ற அனுபவம் எனக்கு உண்டு.

அடிக்கும் கருவி சாசென். ஒற்றை மூங்கில் துண்டின் முனையை நூறு மயிரிழைகளாகச் சீவிச் செய்வது. நாரா வட்டாரத்தின் தாகயாமா இதற்குப் பேர்போன இடம். கிண்ணம் சாவான். மெல்லிய தேநீர்ப் பொடிக்கு அரக்குப் பூசிய டப்பா, நத்சுமே. கெட்டித் தேநீருக்கு மண் குடுவை, சாயிரே. தளபதி ஆசைப்பட்டது இதைத்தான். இரும்புக் கெட்டில் காமா. சில கெட்டில்களின் அடியில் சிறு இரும்புத் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் சூடாகும்போது அவை எழுப்பும் சத்தத்துக்குப் ‘பைன் மரக் காற்று’ என்று பெயர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையில் பதித்த ரோ அடுப்பு. மே முதல் அக்டோபர் வரை ஃபுரோ என்ற தனி அடுப்பு, சூடு விருந்தினரைத் தாக்காதபடி தள்ளி வைப்பது.

குடுவைக்குச் சட்டை மாதிரி ஒரு துணிப்பை உண்டு, ஷிஃபுகு. தேநீர்க்காரர்களுக்குத் துணிப் பைத்தியமும் அதிகம். நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன அச்சுப் பருத்தித் துணிகளை ‘சராசா’ என்று அழைத்து, கலங்களைப் பொதிந்துவைக்கப் பயன்படுத்தினார்கள். கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றுக்கு ‘சந்தோமே’ என்றே பெயர். சென்னை மயிலாப்பூர் சாந்தோம்தான் அது.

சரி, கிண்ணம் உங்கள் முன்னால் வந்துவிட்டது. பக்கத்திலிருப்பவரிடம் ‘ஓ-சாகி நி’ என்று சொல்லி வணங்குங்கள்; உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன் என்று பொருள். கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து வலது கையால் கடிகாரச் சுற்றில் இரண்டு முறை லேசாகத் திருப்புங்கள். கிண்ணத்தின் அழகான முகத்தை உங்கள் பக்கம் வைத்துத் தந்திருக்கிறார்கள். அதில் வாய் வைக்காமல் விலக்குவதற்காகத்தான் இந்தத் திருப்பல். கடைசி மடக்கை மட்டும் சத்தம் வரும்படி உறிஞ்சுங்கள், முடித்தாயிற்று என்று தெய்ஷுவுக்குத் தெரியும். வாய் பட்ட இடத்தை விரலால் துடைத்து, கிண்ணத்தைத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, கீழே வையுங்கள். அப்புறம் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றியபடி, தரையை ஒட்டியே அதைத் தூக்கிப் பாருங்கள். கை நழுவினாலும் உடையாது.

ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: உடையாமல் இருக்க, மற்றவர் மனம் நோகாமல் இருக்க, வழியில் கை இடிக்காமல் இருக்க. ரிக்யூவிடம் ஒருவர் இதன் ரகசியம் என்ன என்று கேட்டாராம். தேநீர் குடிக்கும்படி போடு, தண்ணீர் கொதிக்கும்படி கரி வை, வெயில் காலத்தில் குளிர்ச்சியாகவும் குளிர்காலத்தில் கதகதப்பாகவும் இருக்கட்டும், பூ வயலில் இருந்தபடி இருக்கட்டும், நேரத்துக்கு முன்பே தயாராகு, மழை இல்லாவிட்டாலும் குடை எடுத்துவை, கூட இருப்பவர்களைக் கவனி. இவ்வளவுதான் என்றார். ‘இது எனக்கே தெரியுமே’ என்றார் வந்தவர். ‘அப்படியானால் செய்து காட்டு, நான் உன் மாணவனாகிறேன்’ என்றார் ரிக்யூ.

‘இச்சிகோ இச்சியே’ என்ற தொடரையும் கேட்டிருப்பீர்கள். ஒரு பிறவியில் ஒரு சந்திப்பு. அதே ஆட்கள் மறுபடி கூடினாலும் இன்றைய விருந்து திரும்ப வராது என்பது கருத்து. ரிக்யூவின் மாணவர் ஒருவரின் குறிப்பில் முளைத்த இதை ஒரு கொள்கையாக வடித்தவர், ஷோகன் ஆட்சியின் தலைமை அமைச்சராக இருந்த ஈ நாவோசுகே. 1860இல் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டை வாயிலில், பனி பெய்த காலையில், அவரை வெட்டிக் கொன்றார்கள்.

மண்டியிட்டே உட்கார்ந்திருக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 1872இல் கியோட்டோ கண்காட்சிக்கு வரும் வெளிநாட்டவருக்காக உராசென்கே தலைவர் மேஜை நாற்காலி முறையை உருவாக்கினார். ரியூரெய் என்று பெயர், இன்றும் நடக்கிறது. அதற்குப் பிந்தைய காலத்தில் பெண்கள் பள்ளிகளில் தேநீர் பாடமாக நுழைந்தது. பெரும்பாலும் ஆண்களின் கலையாக இருந்ததில் இன்று கற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

தேநீர் முடிந்ததும் ஷோகியாகு சில பொருள்களைப் பார்க்கக் கேட்பார். அதில் பொடி அள்ளும் சாஷாக்கு கட்டாயம் இருக்கும். ஒரு சாண் நீள மூங்கில் சீவல், முனை வளைத்தது. யார் செதுக்கியது, என்ன பெயர் என்று கேட்பார். ஆமாம், இந்தக் கரண்டிகளுக்குப் பெயர் வைப்பார்கள். ரிக்யூ சாவதற்கு முன் ஒன்றைச் செதுக்கி, கடைசி விருந்தில் பயன்படுத்தி, தன் மாணவர் ஃபுருதா ஓரிபேயிடம் கொடுத்தார். அதன் பெயர் நமிதா, கண்ணீர். ஓரிபே அதற்கு ஒரு கறுப்புக் குழல் செய்து, பக்கவாட்டில் சிறு ஜன்னல் வெட்டி, இறந்தவர் பெயர் எழுதிய பலகையைப் போல முன்னால் வைத்து வணங்கினார் என்பார்கள். 1615இல் ஓரிபேவுக்கும் அதே உத்தரவு வந்தது, வேறோர் ஆட்சியிலிருந்து. அந்த மூங்கில் கரண்டியும் ஜன்னல் வைத்த குழலும் இப்போது நகோயாவின் டோகுகாவா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.